பத்தாயிரம் ரூபாய் மின் கிட்டார்: எதை மாற்றலாம், எதை விட்டுவிடலாம்

1954இல் ஃபெண்டர் நிறுவனம் வெளியிட்ட ஸ்ட்ராட்டோகாஸ்டரின் வடிவத்தை அப்படியே ஒட்டி, பத்தாயிரம் ரூபாயை ஒட்டிய விலையில் விற்கப்படும் மின் கிட்டார்கள் பல பெயர்களில் கிடைக்கின்றன. அவற்றில் ஒன்றை வாங்கி, அதன் விலையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் செலவிடுவதில்லை என்ற வரம்புடன் திருத்தியமைத்துப் பார்த்ததில், உடலும் கழுத்தும் கொடுத்த காசுக்கு மேலான தரத்தில் இருப்பதாகவே சொல்வேன். சிக்கனம் பிடித்திருப்பது சின்னஞ்சிறு பாகங்களில்தான்.

மலிவு கிட்டாரை வாங்கியவர்கள் முதலில் பிக்கப்பை (கம்பியின் அதிர்வை மின்சமிக்ஞையாக மாற்றும் காந்தச் சுருள்) மாற்றவே துடிக்கிறார்கள். என் கணக்கில் அது கடைசிச் செலவு. சுருதி நிற்காததற்கு ட்யூனிங் கீகளைக் குறைசொல்வதும் பெரும்பாலும் பொருந்தாது. கீயைத் திருகும்போது 'டிக்' என்ற ஓசையுடன் சுருதி சட்டென்று தாவினால், கழுத்தின் மேல்முனையில் கம்பிகளைத் தாங்கும் 'நட்' என்ற சிறு பட்டையின் பள்ளத்தில் கம்பி சிக்கி விடுபடுகிறது என்று பொருள். இந்தக் கிட்டாரில் மூன்றாம் கம்பி அப்படித்தான் தாவியது. பள்ளத்தில் பென்சில் கரியைத் தேய்த்தால் சில நாள் ஓடும். பிளாஸ்டிக் நட்டை எடுத்துவிட்டு எலும்பு நட் பொருத்துவதே தீர்வு. மூன்றாம் ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) கம்பியை அழுத்தும்போது, முதல் ஃப்ரெட்டின் மேல் ஒரு தாள் மட்டும் நுழையும் இடைவெளி மிஞ்சும் அளவுக்குப் பள்ளத்தை அராவ வேண்டும். ஒரு இழை கூடுதலாக அராவினாலும் கம்பி ஃப்ரெட்டில் பட்டு அதிரும் என்பதால், அரம் பிடித்துப் பழக்கமில்லாதவர்கள் இந்த ஒரு வேலையைப் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துவிடுவது நல்லது.

கையைக் கீறிய ஃப்ரெட் முனைகளை, மரத்தின் மேல் காகித டேப் ஒட்டிக்கொண்டு சிறிய அரத்தால் மழுக்கியதில் செலவே இல்லை.

உடலின் முன்புறத்தை மூடியிருக்கும் தகடான பிக்கார்டைக் கழற்றினால் பிக்கப்புகளின் அடியில் செராமிக் காந்தப் பட்டைகள் ஒட்டப்பட்டிருப்பது தெரிகிறது. அவற்றின் ஒலி சற்றுக் கூர்மையானது. ஆனால் இருபுறத் திருகாணிகளால் பிக்கப்பைக் கொஞ்சம் தாழ்த்தியதுமே அது பெரிதும் அடங்கிவிட்டது. பிக்கப்புகள் அமர்ந்திருக்கும் குழி முழுவதும் செப்புத் தாள் ஒட்டி கிரவுண்ட் வயருடன் இணைத்ததில், குழல் விளக்கும் சார்ஜரும் கிளப்பும் இரைச்சல் நன்றாகக் குறைந்தது. மின்மாற்றிகளின் காந்தப்புலத்தால் வரும் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம் மட்டும், ஒற்றைச் சுருள் பிக்கப் இருக்கும்வரை, எத்தனை தாள் ஒட்டினாலும் முழுதாகப் போகாது.

கம்பிகளை உடலின் மேல் தாங்கும் பிரிட்ஜை மாற்ற நினைப்பவர்கள் முதலில் உடலின் தடிமனை அளந்துகொள்ள வேண்டும். இவ்வகைக் கிட்டார்கள் சில, அசல் ஸ்ட்ராட்டோகாஸ்டரைவிட மெலிந்தவை. பிரிட்ஜின் அடியில் உடலுக்குள் இறங்கும் உலோகக் கட்டையான பிளாக்கை முழு அளவில் வாங்கினால் அது பின்புறம் துருத்திக்கொண்டு நிற்கும். நான் பிரிட்ஜை மாற்றவில்லை. பின்னால் உள்ள ஸ்பிரிங்குகளை இறுக்கி, பிரிட்ஜ் உடலோடு படியும்படி அமர்த்திவிட்டேன். பிரிட்ஜை அசைத்துச் சுருதியை ஏற்றி இறக்கும் கம்பியான வேமி பாரை ஓயாமல் ஆட்டி வாசிப்பவர்களுக்கு இந்த ஏற்பாடு உதவாது. அவர்கள் இந்த விலைப் பிரிவையே தவிர்க்கலாம்.