நைலோன் கம்பியா, ஸ்டீல் கம்பியா?

சொந்தமா பாட்டெழுதிப் பாடுற தம்பிமார் எந்தக் கிற்றார் வாங்குற எண்டு மண்டையப் போட்டுக் குழப்புறாங்க, அதான் இது.

சத்தம்: மட்டக்களப்பு கல்லடி பீச்சில மைக் இல்லாமப் பாடுறெண்டா ஸ்டீல்தான், நைலோன்ட சத்தம் காத்தோட போயிரும்.

விரல்: ஸ்டீல் விரல் நுனியப் பதம் பார்க்கும். நைலோன் மெத்து, ஆனா அந்தக் கிற்றார்ட கழுத்து (விரலால கம்பிய அமத்துற நீளப் பகுதி) அகலம்.

உப்புக்காத்து: நம்மட ஊருக்கு இதுதான் பெரிய விசயம், ஒரு பக்கம் கடல் மறுபக்கம் வாவி, ஸ்டீல் கெதியாத் துருப்பிடிக்கும், வாசிச்சுப்போட்டுத் துணியால துடைக்கணும், மறுகா கம்பி மாத்துற காசையும் கணக்குல வைங்க. நைலோனுக்கு அந்தத் தொல்லை குறைவு (உலோகம் சுத்தின தடிச்ச கம்பி மூணும் மட்டும் கறுக்கும்).

ராவுல வீட்டுல இருந்து பாட்டெழுதி போன்ல ரெக்கோட் பண்றவங்களுக்கு நைலோன் போதும். மேடை, கூட்டம் எண்டா ஸ்டீல். நைலோன் கிற்றார்ல மட்டும் ஸ்டீல் கம்பி போட்டுடாதீங்க, இழுவைக்குப் பிரிட்ஜ் (கிற்றார் உடம்புல கம்பியப் பிடிச்சு வச்சிருக்கிற கட்டை) கழண்டு வந்துரும்.