மொரிசியஸ் அரசு மருத்துவமனையும் பெரியப்பாவின் வெள்ளையணுக் கணக்கும்

மொரிசியஸின் ரோஸ்ஹில் நகரில் இருக்கும் பெரியப்பாவுக்கு மாரடைப்பு வந்தபோது நான் விடுப்பில் அங்கேதான் இருந்தேன். புதுச்சேரியில் ஓர் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள் என்பதால், மொரிசியஸின் அரசு மருத்துவச் சேவையை உறவினர் என்ற முறையில் மட்டுமல்லாமல் தொழில் தெரிந்தவள் என்ற முறையிலும் கவனிக்க நேர்ந்தது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். 114க்கு அழைத்தவுடன் ‘சாமு’ என்னும் அவசர மருத்துவச் சேவையின் வண்டி மருத்துவரோடு வந்தது; இசிஜி வீட்டிலேயே எடுக்கப்பட்டது. ஆஞ்சியோகிராமுக்கும் ஸ்டென்டுக்கும் யாரும் எங்களிடம் பணம் கேட்கவில்லை. முன்பணம் கட்டிய ரசீதோடுதான் உள்ளே நுழைய வேண்டியிருக்கும் தனியார் மருத்துவமனைகளைப் பார்த்துப் பழகிய எனக்கு இது சிறிய விஷயமாகத் தெரியவில்லை. பார்வை நேரம் மட்டும் கண்டிப்பு. பெரியம்மா கொண்டுவந்த ரசம் இரண்டு முறை வாசலிலிருந்தே திரும்பிப் போனது.

பெரியப்பாவின் கோப்பில் முதல் நாள் எடுத்த முழு இரத்த அணு எண்ணிக்கைத் தாள் இருந்தது. மொத்த வெள்ளையணுக்கள் 13.8, அவற்றில் நியூட்ரோஃபில் என்ற வகை 11.2, லிம்ஃபோசைட் என்ற வகை 1.4, மூன்றுமே ஒரு மைக்ரோலிட்டருக்கு ஆயிரக் கணக்கில். மொத்த எண்ணிக்கைக்கு எதிரே மட்டும் யாரோ பேனாவால் ஒரு மேல்நோக்கிய அம்பு போட்டிருந்தார்கள். என் கண் கீழே இருந்த இரண்டு வரிகளிலேயே நின்றது. நியூட்ரோஃபிலை லிம்ஃபோசைட்டால், அதாவது 11.2ஐ 1.4ஆல், வகுக்கும் எளிய கணக்குதான். விடை 8 வருகிறது. நலமாக இருப்பவர்களிடம் இந்த விகிதம் பெரும்பாலும் 1க்கும் 3க்கும் இடையில் இருக்கும்.

இதயத் தசைக்குச் செல்லும் குழாய் அடைபட்டுத் தசை மடியத் தொடங்கிய சில மணி நேரத்துக்குள் நியூட்ரோஃபில்கள்தான் முதலில் வந்து குவிகின்றன. இறந்த திசுவை அகற்றுவது அவற்றின் வேலை என்றாலும், அவை உமிழும் நொதிகள் அருகில் இன்னும் பிழைத்திருக்கும் தசையையும் சிதைத்துவிடக் கூடும். அதே வேளையில், நெருக்கடியில் உடல் சுரக்கும் கார்டிசோல், இரத்தத்தில் லிம்ஃபோசைட்டுகளின் எண்ணிக்கையைக் குறைத்துவிடுகிறது. ஒன்று ஏற மற்றொன்று இறங்குவதால், மொத்த எண்ணிக்கையில் அவ்வளவாகத் தெரியாத மாற்றம் விகிதத்தில் துலக்கமாகத் தெரிகிறது. வெள்ளையணு மிகுந்தவர்களுக்கு மாரடைப்பு அதிகம் வருகிறது என்பதை 1974இலேயே ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியிருந்தது. ஆஞ்சியோகிராம் செய்துகொண்ட மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்து 2005இல் வெளியான ஆய்வில், மொத்த எண்ணிக்கையைக் காட்டிலும் இந்த விகிதமே பின்னாளில் வரும் மாரடைப்பையும் மரணத்தையும் நன்றாக முன்னறிவித்தது.

இதைப் பணியிலிருந்த இதய மருத்துவரிடம் கேட்டேன். பெயரைப் பார்த்தால் தமிழ்க் குடும்பத்தவர்; ஆனால் எங்கள் உரையாடல் முழுவதும் அந்நாட்டுப் பேச்சுமொழியான கிரியோலில்தான் நடந்தது. அவர் அந்த விகிதத்தை அறியாதவர் அல்லர். பெரியப்பா புகைப்பவரா, சமீபத்தில் காய்ச்சல் வந்ததா, மூச்சிரைப்புக்கு ஸ்டீராய்டு போட்டார்களா என்று என்னையே திருப்பிக் கேட்டார். மூன்றுமே கணக்கை மாற்றிவிடக் கூடியவை. பெரியப்பாவோ ஓயாமல் புகைப்பவர். எத்தனைக்கு மேல் போனால் ஆபத்து என்பதிலும் ஆய்வுக்கு ஆய்வு எல்லை வேறுபடுகிறது. அதனால் வயது, நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம், கிரியேட்டினின் (சிறுநீரக நிலையைக் காட்டுவது), இசிஜி மாற்றம், ட்ரோபோனின் (இதயத் தசைச் சேதத்தைக் காட்டுவது) போன்றவற்றைக் கூட்டி நோயாளியின் ஆபத்தைக் கணிக்கும் கிரேஸ் மதிப்பெண்ணையே தாம் நம்புவதாகச் சொன்னார். அதில் வெள்ளையணுக்களுக்கு இடமே இல்லை.

அவர் சொன்னது எனக்குச் சரியாகவே பட்டது. விகிதம் கூடியிருக்கிறது என்பதற்காக மருந்துச் சீட்டில் ஒரு வரிகூட மாறப் போவதில்லை. வெள்ளையணுக்கள் பங்கெடுக்கும் இந்த அழற்சியை அடக்கினால் இதயம் தப்புமா என்ற கேள்விக்கே இன்னும் ஒருமித்த விடை கிடைக்கவில்லை: அண்மையில் மாரடைப்பு வந்த 4,745 பேருக்குக் கோல்சிசின் என்ற அழற்சி அடக்கும் மருந்தைக் குறைந்த அளவில் கொடுத்துப் பார்த்த 2019ஆம் ஆண்டு ஆய்வில் பலன் தெரிந்தது; ஏழாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்து 2024இல் வந்த ஆய்வில் அது தெரியவில்லை.

என் மனக்குறை வேறு இடத்தில். ஸ்டென்ட் வைத்தபின் பெரியப்பாவை வேறொரு மருத்துவமனையின் வார்டுக்கு மாற்றினார்கள். அங்கே வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த சுருக்கக் குறிப்பில் ‘வெள்ளையணு 13.8’ என்ற ஒரே எண்ணோடு விட்டுவிட்டார்கள். பிரிவு வாரியான எண்ணிக்கையும் இல்லை, நான்காம் நாள் எடுத்த பரிசோதனையும் இல்லை. அந்த இரண்டாவது தாளில்தான் நியூட்ரோஃபில் 6.3 ஆகவும் லிம்ஃபோசைட் 2.1 ஆகவும் மாறி, விகிதம் 3க்கு இறங்கியிருந்தது. எந்திரம் ஏற்கெனவே எண்ணித் தந்துவிட்டதைத் தாளில் ஏற்றக் கூடுதல் செலவு ஏதும் ஆகாது. நகல் கேட்டு ஆவணப் பிரிவுக்குப் போனால் எழுத்து மூலம் விண்ணப்பிக்கச் சொன்னார்கள். அண்ணன் வேலையை விட்டுவிட்டு இரண்டாம் முறை போன பிறகே நகல் கைக்கு வந்தது.

அங்கே உறவினரைச் சேர்த்திருப்பவர்கள், வார்டில் இருக்கும்போதே தாதியிடம் சொல்லி முதல் நாள் தாளின் நகலை வாங்கி வைத்துக்கொள்ளலாம். தனியார் கூடங்களில் சில நூறு ரூபாய்க்கு இதே பரிசோதனையை மறுபடி செய்துவிடலாம். ஆனால் மாரடைப்பு வந்த அன்றைய எண்ணிக்கை பிறகு எங்கு போனாலும் கிடைக்காது. எண்ணிக்கைக்குப் பதிலாக இரண்டு வகைகளின் விழுக்காடு மட்டும் அச்சிட்டிருந்தாலும் போதும், விகிதம் ஒன்றேதான். அடுத்த மாதம் எக்கோ (இதய ஸ்கேன்) எடுக்கப் போகும்போது இரண்டு தாள்களையும் கோப்பில் வைத்து எடுத்துப் போகும்படி அண்ணனிடம் சொல்லியிருக்கிறேன். பெரியப்பா சிகரெட்டை இன்னும் முழுமையாக விடவில்லை என்பதையும் மருத்துவரிடம் சொல்லச் சொல்லியிருக்கிறேன்.