டம்மியா, பறவையா? ரிட்ரீவருக்கு எந்தப் போட்டி?

பிரிட்டனில் லாப்ரடார், கோல்டன் போன்ற ரிட்ரீவரை, அதாவது சுட்டு விழுந்த பறவையைக் கவ்வி வரும் நாயை, வேட்டைத் துணைக்குப் பழக்குபவர்களுக்கு இரண்டு களங்கள் உண்டு: வொர்க்கிங் டெஸ்ட், ஃபீல்டு ட்ரையல். இரண்டும் அந்நாட்டு நாய் அமைப்பான கென்னல் கிளப்பின் விதிப்படிதான் நடக்கின்றன.

வொர்க்கிங் டெஸ்ட் பெரும்பாலும் கோடையில். துப்பாக்கி வெடிப்பது சத்தத்துக்கு மட்டும். நாய் கவ்வி வருவது அரை கிலோவுக்குச் சற்றுக் குறைவான கேன்வாஸ் டம்மி, அதாவது பறவைக்குப் பதிலான பொதி. எல்லா நாய்க்கும் ஏறக்குறைய ஒரே சோதனை, பெரும்பாலும் 20 மதிப்பெண். உத்தரவுக்கு முன் பாய்ந்தால் பூஜ்யம். கறார்தான், ஆனால் நியாயம்.

ட்ரையல் வேறு உலகம். சீசனில் நிஜ வேட்டை, நிஜப் பறவை. ஒரு நாய்க்குத் திறந்த புல்வெளியில் செத்து விழுந்த ஃபெசன்ட் என்ற வேட்டைப் பறவை கிடைக்கும். அடுத்ததற்கு அடிபட்டு வேலி தாண்டி ஓடும் பறவை. அதிர்ஷ்டமும் சேர்ந்துதான் ஓடுகிறது! நாய் கொண்டுவந்த பறவையை நடுவர் கையில் வாங்கி, விலா எலும்புகளை விரலால் தடவிப் பார்ப்பார். நாய் கடித்து நொறுக்கியிருந்தால் அதோடு வெளியே. நின்ற இடத்தில் முனகினாலும் அதே கதி. இடம் குறைவு என்பதால் நுழையவே குலுக்கல். ஆனாலும் ஃபீல்டு ட்ரையல் சாம்பியன் பட்டத்துக்கு வழி இது ஒன்றுதான்.

புதியவர் டெஸ்டில் தொடங்குவதே சரி என்பேன். பப்பி (இளம் நாய்), நோவிஸ் (அனுபவம் குறைந்த நாய்) என்று தனிப் பிரிவுகளே இருக்கின்றன. ஆனால் டம்மியில் ஜெயித்த தெம்பில் நேரே ட்ரையலுக்குப் போக வேண்டாம். இளஞ்சூடான, இறகு உதிரும் பறவையை முதன்முறை வாயில் எடுக்கும்போது சில நாய்கள் துப்பிவிடும். அதற்குமுன் ஒரு சீசன், வேட்டை நாட்களில் விழுந்த பறவைகளைப் பொறுக்கும் வேலைக்கு அழைத்துப் போங்கள்.