சீன எழுத்தைக் கையால் எழுதிப் பழகியதில் கிடைத்தது என்ன?

சீன எழுத்துகளைக் கையால் எழுதிப் பழகுகிறேன் என்றால், "எதற்கு? கைப்பேசியில் பின்யின் தட்டினால் போதுமே" என்றுதான் பலரும் கேட்கிறார்கள். பின்யின் என்பது சீன உச்சரிப்பை ரோமன் எழுத்தில் எழுதும் முறை. பேனாவை எடுத்ததும் எழுத்து மறந்துபோகிறது என்று சீனர்களே சொல்லி வருத்தப்படும் காலம் இது. ஆனாலும் சில ஆண்டுகள் விடாமல் எழுதிவந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: கோட்டு வரிசையை, அதாவது ஓர் எழுத்தின் கோடுகளை எந்த ஒழுங்கில் போடுவது என்பதை, படித்ததால் எனக்குக் கிடைத்த பெரிய பலன், பிறருடைய கையெழுத்தை வாசிக்க முடிவதுதான்.

விதிகள் குறைவு. மேலிருந்து கீழ், இடமிருந்து வலம், படுக்கைக் கோடு முதலில், நெட்டுக் கோடு பிறகு. மனப்பாடம் செய்வது எளிது. கையில் படியத்தான் காலம் பிடிக்கும். 'சிறிய' என்ற பொருள் தரும் ஷியாவ் எழுத்தில் நடுக்கோட்டைப் போட்ட பிறகே இரு பக்கங்களுக்கும் வர வேண்டும். நீரைக் குறிக்கும் ஷுய்யும் நடுவிலிருந்துதான் தொடங்கும். நெருப்பைக் குறிக்கும் ஹுவோ இதற்கு நேர்மாறு: பக்கப் புள்ளிகள் இரண்டும் முதலில், நடுவில் நிற்கும் மனித வடிவம் பிறகு. நாட்டைக் குறிக்கும் குவோவுக்கு எட்டுக் கோடுகள். இடச்சுவர், மேலே ஓடி வலப்பக்கம் மடங்கி இறங்கும் கோடு, உள்ளே உள்ளவை எல்லாம், கடைசியில் அடிக்கோடு. 'முதலில் ஆள் உள்ளே வரட்டும், பிறகு கதவைச் சாத்து' என்று சீனப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள்.

பயிற்சிச் செயலியில்தான் தொடங்கினேன். வரிசை மாறினால் கோட்டை ஏற்காது. மறக்கப்போகும் சமயம் பார்த்து எழுத்தைத் திரும்பக் கொண்டுவந்து நிறுத்தும். வரிசையைப் பொறுத்தவரை இதைவிடக் கண்டிப்பான ஆசிரியர் கிடைக்கமாட்டார். ஆனால் விரலால் கிறுக்கினாலும் திரை அதை அழகான கோடாக மாற்றிக் காட்டிவிடுகிறது. எழுத்தின் அளவும் அமைப்பும் அங்கே பிடிபடாது. அதற்குக் கட்டம் போட்ட நோட்டுதான் வழி. கட்டத்துக்குள் சிலுவைக் கோடு மட்டும் உள்ளது ஒரு வகை, மூலைக்கோடுகளும் சேர்ந்தது இன்னொரு வகை. இரண்டாவதையே பரிந்துரைக்கிறேன். எழுத்தின் இடப்பக்கம் வரும் 'மூன்று புள்ளி நீர்' உறுப்பு கட்டத்தில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்குக்குள் அடங்க வேண்டும். கொஞ்சம் அகன்றாலும் எழுத்து முழுவதும் நெரிசலாகிவிடும். கோடுகள் குறுக்கே ஓடும் கட்டத்தில் இது உடனே கண்ணில் படும்.

தண்ணீர்த் துணியும் வாங்கினேன். ஈரத் தூரிகையால் எழுதினால் மைபோலக் கறுத்து, சில நிமிடங்களில் காய்ந்து மறைந்துவிடும். செலவில்லை, கறையில்லை. எட்டு அடிப்படைக் கோடுகளும் உள்ள யோங் என்ற ஒரே எழுத்தை அதில் திரும்பத் திரும்ப எழுதுவது மனத்துக்கு இதம். ஆனால் நேற்று எழுதியதோடு இன்று எழுதியதை ஒப்பிட வழியில்லை. முன்னேற்றத்தைப் பார்க்க விரும்புகிறவர்கள் நோட்டோடு நின்றுவிடலாம்.

கையெழுத்துக்கு வருகிறேன். வேகமாக எழுதும்போது பேனா முழுதாகத் தூக்கப்படுவதில்லை. ஒரு கோட்டின் முடிவு அடுத்ததன் தொடக்கத்தோடு ஒட்டிக்கொள்கிறது. மூன்று புள்ளி நீரில் இரண்டாவது புள்ளியும் மேல்நோக்கிச் சுண்டும் மூன்றாவதும் இணைந்து ஒரே வளைவாகிவிடும். அச்செழுத்தை மட்டும் அறிந்த கண்ணுக்கு அது கிறுக்கல். வரிசை தெரிந்த கைக்கோ, பேனா போன பாதையே தெரியும். கடைக் கதவில் ஒட்டிய அறிவிப்பையும் காய்கறி விலை அட்டையையும் தடுமாறாமல் படிக்க முடிந்தபோதுதான் உழைப்பு வீண்போகவில்லை என்று உணர்ந்தேன்.

இன்னொரு பயனும் உண்டு. உச்சரிப்பு தெரியாத எழுத்தைப் பின்யினில் தேட முடியாது. கோட்டு முறை விசைப்பலகையில் ஐந்தே விசைகள்: படுக்கை 1, நெட்டு 2, இடச்சரிவு 3, புள்ளி 4, மடக்கு 5. குவோவுக்கு 25112141. வரிசை பிசகினால் தேடும் எழுத்து வராது.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் எந்த நாட்டு வரிசை என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். சீனா 1997இல் 7000 எழுத்துகளுக்கு வரிசையை வகுத்தது. 2021 மார்ச் முதல் நடப்பில் உள்ள தரம் 8105 எழுத்துகளுக்கானது. ஜப்பானில் சில எழுத்துகளுக்கு வரிசை வேறு. வரிசை அச்சிட்ட பயிற்சி நோட்டின் அட்டையில் நாட்டைச் சொல்லாவிட்டால், அரசனைக் குறிக்கும் வாங் எழுத்தின் இரண்டாவது கோட்டைப் பாருங்கள். படுக்கையாக இருந்தால் சீன முறை, நெட்டாக இருந்தால் ஜப்பானிய முறை.