திருகோணமலையைக் கட்டப் போனால்: சிட்டீஸ் ஸ்கைலைன்ஸ் 2

நகரம் கட்டும் கேம் ஆடுகிறவருக்குத் திருகோணமலையைவிடச் சவாலான நிலம் தேட வேண்டியதில்லை. ஒரு பக்கம் உட்துறைமுகம், மறுபக்கம் திறந்த கடல், நடுவே ஒடுங்கிய தரையில் நகரம். தெற்கே கொட்டியாரக் குடா, அதில் வந்து விழும் மகாவலி. பாலம் போடாமல் கிண்ணியாப் பக்கம் நகர முடியாது. சிட்டீஸ் ஸ்கைலைன்ஸ் கேமின் 2015 மார்ச்சில் வந்த முதல் பாகத்தில் இந்த நிலம் அடங்கவே இல்லை. 1.92 கிலோமீற்றர் பக்கமுள்ள சதுரத் துண்டுகள் ஒன்பதுதான் வாங்கக் கிடைத்தன. ஆடுபவர்கள் தாங்களே செய்து பகிரும் மொட் போட்டு 81 துண்டாக விரித்தாலும், ஒரே நேரத்தில் நடமாடக்கூடிய ஆட்களுக்கு 65,536 என்ற எல்லை இருந்தது. நகரம் பெருக்கப் பெருக்க வீதிகள் வெறிச்சோடின.

2023 ஒக்டோபர் 24 அன்று வந்த இரண்டாம் பாகம் இந்த இரண்டு எல்லைகளையும் தூக்கிவிட்டது. வரைபடத்தின் ஒரு பக்கம் 14.336 கிலோமீற்றர், படிப்படியாகத் திறக்க 441 துண்டுகள். நிலத்தின் அளவைப் பொறுத்தவரை பின்லாந்தின் கொலொசல் ஓர்டர் நிறுவனம் சொன்ன சொல்லைக் காப்பாற்றியது. அந்த நிலத்தின்மேல் நிற்கும் நகரம் பாதி வேலையில் விற்பனைக்கு வந்தது என்பதுதான் ஆடியவர்களின் கோபம். அந்தக் கோபம் நியாயமானது.

முதல் குறை வேகம். வெளியீட்டுக்கு முன்னரே நிறுவனம் தேவைப்படும் கணினியின் தரத்தை உயர்த்தி அறிவித்தது. கிரபிக்ஸ் கார்ட் குறைந்தபட்சம் ஜிடிஎக்ஸ் 970, பரிந்துரை ஆர்டிஎக்ஸ் 3080. தாங்கள் குறிவைத்த வேகத்தை இன்னும் எட்டவில்லை என்றும் அதே நிறுவனமே ஒப்புக்கொண்டது. காரணம் புதிரல்ல. தூரத்திலிருந்து பார்க்கும்போது ஒரு பொருளின் எளிமையான வடிவத்தைக் காட்டிவிட்டு, கிட்டப் போனால் மட்டும் முழு வடிவத்தைக் காட்டுவதே எந்த கேமும் செய்கிற வேலை. இங்கே பல பொருட்களுக்கு அந்த எளிய வடிவம் தயாரிக்கப்படவே இல்லை. வானத்திலிருந்து எறும்பு போலத் தெரியும் மனிதருக்கும் வாய்க்குள் பல்வரிசை தனியாகச் செதுக்கப்பட்டிருந்தது. அந்தப் பற்களையும் கிரபிக்ஸ் கார்ட் கணக்குப் போட்டது. மரக்கட்டை அடுக்குகளிலும் இதே வீண் சுமை. பின்னர் வந்த திருத்தங்கள் இதைப் பெருமளவு குறைத்தாலும், கேம் இன்னும் கனமானதுதான்.

ஜிடிஎக்ஸ் 1650, 1660 வகைக் கார்ட் உள்ள கணினியில் ஆட வேண்டுமென்றால் கிரபிக்ஸ் செட்டிங்ஸில் கை வைக்கும் ஒழுங்கு முக்கியம். முதலில் டெப்த் ஒஃப் ஃபீல்ட், மோஷன் ப்ளர் இரண்டையும் நிறுத்துங்கள். பார்வையில் எந்த இழப்பும் தெரியாது. அடுத்து வொல்யூமெட்ரிக்ஸ். மூடுபனியும் மேகமும் போகும், வேகத்தில் கிடைக்கும் பலன் பெரியது. பிறகு குளோபல் இலுமினேஷன். அதற்கும் பிறகே நிழலின் தரம், லெவல் ஒஃப் டீட்டெய்ல். ரெசலூஷனை 1920க்கு 1080க்கு மேல் ஏற்ற வேண்டாம். கடைசியாக, கார்டின் கொன்ட்ரோல் பெனலில் பிரேம் வேகத்தை 30க்குக் கட்டிவிடுங்கள். இந்த வகை கேமுக்கு 30 போதும். கட்டாமல் விட்டால் கார்ட் எந்நேரமும் முழு மூச்சில் ஓடும். கச்சான் காற்று வீசும் மாதங்களில், குளிரூட்டி இல்லாத அறையில், சூடேறிய லப்டொப் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பலர் கேமின் பிழை என்று நினைக்கும் திடீர் இழுவை பல நேரம் இந்தச் சூடுதான்.

இழுவை எங்கிருந்து வருகிறது என்று பிரித்தறிய எளிய வழி உண்டு. கேமை நிறுத்தி வைத்துவிட்டுக் கமராவைச் சுழற்றுங்கள். அப்போதும் திக்கினால் குறை கிரபிக்ஸ் கார்டில், மேலே சொன்னவை உதவும். கமரா வழுக்கிக்கொண்டு போகிறது, ஆனால் மூன்று மடங்கு வேகத்தில் ஓட விட்டாலும் பஸ்கள் ஊர்கின்றன என்றால் குறை புரொசெசரில். அதற்கு எந்த செட்டிங்ஸும் மருந்தாகாது. ஒவ்வொரு ஆளுக்கும் வீடு, வேலை, பயண வழி என்று தனித்தனியாகக் கணக்குப் போடும் கேம் இது. சனத்தொகை ஏற ஏற அந்தக் கணக்கும் ஏறும். எண்ணிக்கைக்கு எல்லை இல்லை என்ற விளம்பரத்தின் மறுபக்கம் இது: எல்லையைக் கேம் வைக்கவில்லை, உங்கள் கணினி வைக்கும்.

வேகக் குறையைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், காசுக் கணக்கு பொய்யாக இருந்ததை மன்னிக்க முடியாது என்பவர்கள் அனுபவசாலிகள். வெளியான நாட்களில் நகரம் நட்டத்தில் ஓடினால் அரசாங்க மானியம் என்ற பெயரில் பணம் தானாக வந்து நிரப்பியது. பிழையாகத் திட்டமிட்டாலும் தண்டனை இல்லை, சரியாகத் திட்டமிட்டாலும் பலன் இல்லை. நகரம் கட்டும் கேமில் அதன் பிறகு மிஞ்சுவது படம் பார்ப்பதுதான். எந்த வீட்டைத் தொட்டாலும் வாடகை அதிகம் என்ற முறைப்பாடு தலைக்குமேல் மிதந்ததும் இதே காலத்தில். நில மதிப்பு கட்டுப்பாடில்லாமல் ஏறியதால் வந்த கோளாறு அது.

2024 ஜூனில் வந்த 1.1.5 திருத்தம் இந்தப் பகுதியை ஏறக்குறைய புதிதாக எழுதியது. மானியம் நீக்கப்பட்டது. வெளியூரிலிருந்து சேவைகளைப் பெற்றால் கட்டணம் வந்தது. அதன்பின் ஆடுபவர் பழைய பழக்கத்தில் தொடக்கத்திலேயே பெரிய வைத்தியசாலை, பெரிய பாடசாலை என்று கட்டினால் சில மாதங்களில் கஜானா காலி. சிறிய கிளினிக், ஒரு ஆரம்பப் பாடசாலை, அவற்றின் செலவு ஒதுக்கீட்டையும் 100 வீதத்துக்குக் கீழே இறக்கி வைத்துத் தொடங்குவது நல்லது. சனம் கூடும்போது கட்டடத்தை மாற்றாமல் அதற்கு விரிவுப் பகுதிகளைச் சேர்க்கலாம். இந்த விரிவாக்க முறை இரண்டாம் பாகத்தின் உண்மையான நல்ல யோசனைகளில் ஒன்று.

நல்லதென்று சொன்னால் வீதிக் கருவியையும் சொல்ல வேண்டும். இந்த வகையில் இதற்கு நிகராக வேறு கேம் கிடையாது. சுற்றுவட்டத்தைச் சந்தியின்மேல் வைத்தால் அதுவே பொருந்திக்கொள்ளும். சரிவும் மேம்பாலமும் இலகுவாக வரும். பயணிகள் வழியைத் தேர்ந்தெடுப்பதும் நுணுக்கமானது. நேரம், சொகுசு, பணம், நடத்தை என்ற நான்கையும் எடைபோட்டே ஒவ்வொருவரும் புறப்படுகிறார்கள். இளையோர் மலிவான வழியையும், வேலைக்குப் போவோர் வேகமான வழியையும், முதியோர் சிரமமில்லாத வழியையும் விரும்புவார்கள். பாடசாலைப் பக்கம் பஸ் கட்டணத்தைக் குறைத்தால் பலன் கண்ணில் தெரியும். இவ்வளவு ஆழமான அடித்தளத்தின்மேல் மேற்பூச்சு இல்லாமல் விட்டதுதான் வலிக்கிறது. ஒரு வீடு தீப்பிடித்தால் தீயணைப்பு வண்டி வந்து நின்றது. அதிலிருந்து இறங்க ஆளில்லை.

இனிக் கடற்கரை. 2024 மார்ச் 25 அன்று பீச் ப்ரொப்பட்டீஸ் என்ற இணைப்பு 9.99 டொலருக்கு விற்கப்பட்டது. உள்ளே சில வீடுகள், சில கட்டடங்கள், தென்னை வகை மரங்கள். கடற்கரை என்று ஒன்று இல்லை. உப்புவெளியிலோ நிலாவெளியிலோ ஒருமுறை நடந்தவருக்குக்கூடத் தெரியும், கரை என்பது தண்ணீருக்கும் வீட்டுக்கும் நடுவே உள்ள அந்த மணல்தான். வள்ளம் இழுத்து வைக்கும் இடம், கரைவலை இழுக்கும் இடம், பின்னேரம் சனம் கூடும் இடம். அந்த மணலில் எதையும் வைக்க முடியாத இணைப்புக்குக் கடற்கரை என்று பெயர் வைத்துக் காசு கேட்டார்கள். கேம் விற்கும் ஸ்டீம் தளத்தில் மிக மோசமான மதிப்பீடு பெற்றவற்றின் வரிசையில் அது சேர்ந்தது. அடுத்த மாதமே நிறுவனமும் வெளியீட்டாளரான பரடொக்ஸும் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டு, பணத்தைத் திருப்பிக் கொடுத்து, இணைப்பை எல்லோருக்கும் இலவசமாக்கின. அதைச் செய்தது சரி. துறைமுகத்தை விரிவாகக் கட்டும் வசதி 2025 ஒக்டோபர் 29 அன்று, பிரிட்ஜஸ் அண்ட் போட்ஸ் என்ற தனி இணைப்பாகத்தான் வந்தது. துறைமுக நகரம் கட்ட நினைத்தவர் இரண்டு வருடம் காத்திருந்து, மீண்டும் காசு கொடுக்க வேண்டியிருந்தது.

மொட் விடயத்திலும் இதே தாமதம். முதல் பாகத்தைத் தூக்கி நிறுத்தியது மொட்களைப் பகிரும் ஸ்டீம் வேர்க்‌ஷொப். இரண்டாம் பாகம் அதை விட்டு பரடொக்ஸ் மொட்ஸ் தளத்துக்குப் போனது, அதுவும் 2024 மார்ச்சில்தான் திறந்தது. ஆடுபவர்கள் தாங்களே கட்டடம் செய்து சேர்க்கும் வசதி அதற்குப் பிறகும் நெடுநாள் வரவில்லை. பிரான்ஸ், ஜேர்மனி, பிரித்தானியா, ஜப்பான் பாணிக் கட்டடத் தொகுப்புகள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஓட்டு வீடும் முன்விறாந்தையும் உள்ள நம் தெரு அந்த வரிசையில் இல்லை.

இருந்தும் திருகோணமலையை ஒன்றுக்கு ஒன்று அளவில் கட்டிப் பார்க்க இன்று இருக்கும் நல்ல வழி இதுதான். அதைச் செய்கிறவர்கள் தடுக்கி விழும் இடங்கள் சில உண்டு.

நிலத்தின் உயரத்தைச் சாம்பல் நிற அளவால் காட்டும் படமான உயர வரைபடம் 4096க்கு 4096 பிக்செல் அளவில், 16 பிட் சாம்பல் நிறத்தில், பிஎன்ஜி அல்லது டிஃப் வடிவில் இருக்க வேண்டும். பலர் 8 பிட்டில் சேமித்துவிடுகிறார்கள். 8 பிட்டில் 256 படிகள்தான். 4096 மீற்றர் உயர அளவில் ஒரு படி 16 மீற்றர் ஆகிவிடும். உவர்மலை படிக்கட்டுப் போல வந்து நிற்கும். 16 பிட்டில் ஒரு படி ஏழு சென்டிமீற்றருக்கும் குறைவு. கோப்பை ஆப்டேட்டாவுக்குள் லோக்கல்லோ, அதற்குள் கொலொசல் ஓர்டர், அதற்குள் சிட்டீஸ் ஸ்கைலைன்ஸ் 2, அதற்குள் ஹைட்மப்ஸ் என்ற போல்டரில் போட்டால் கேமின் வரைபட எடிட்டரில் தெரியும்.

எதை உள்ளே எடுப்பது என்பதும் முடிவு செய்ய வேண்டியது. கோணேஸ்வரத்தை வடக்கு ஓரத்தில் வைத்தால் மூதூர் தெற்கு ஓரத்தில் ஒட்டிக்கொள்ளும். சீனக்குடாவும் கிண்ணியாவும் உள்ளே வரும், உப்புவெளி வெளியே போய்விடும். உப்புவெளி வேண்டுமென்றால் மூதூரை விட வேண்டும். நிலாவெளி வேண்டுமென்றால் கிண்ணியாவுக்கும் இடமிராது.

இலவசமாகக் கிடைக்கும் உயரத் தரவு பெரும்பாலும் 2000ஆம் ஆண்டு விண்ணோடத்திலிருந்து ராடார் மூலம் எடுத்தது. 30 மீற்றருக்கு ஒரு புள்ளி. கேமின் ஒரு பிக்செல் 3.5 மீற்றர். ஆகவே கரையோரம் பல்லுப் பல்லாக வரும். மூன்று நான்கு பிக்செல் அளவுக்கு மங்கலாக்கினால் சரியாகும், ஆனால் கோணேஸ்வரம் நிற்கும் சுவாமி மலையை அந்த மங்கலிலிருந்து விலக்கி வையுங்கள். ஏற்கெனவே 30 மீற்றர் தரவில் செங்குத்து கரைந்துதான் இருக்கும், இன்னும் மங்கலாக்கினால் சாய்வான மேடாகிவிடும். அந்த முகத்தை எடிட்டரில் கையால் செதுக்குவதே வழி.

பெரிய சிக்கல் ஆழம். ராடார் தண்ணீரின் மேற்பரப்பைத்தான் பார்த்தது. உலகமே பேசும் இயற்கைத் துறைமுகம் வரைபடத்தில் ஆழமே இல்லாத தட்டையாக வரும். முழுத் தரையையும் சில நூறு மீற்றர் மேலே தூக்கி, கீழே இடம் விட்டு, உட்துறைமுகத்தை 25 மீற்றர் வரை தோண்டுங்கள். கொட்டியாரக் குடாவுக்கு வெளியே உண்மையில் பெரும் கடலடிப் பள்ளத்தாக்கு ஒன்று இறங்குகிறது. ஆசையாக இருந்தாலும் அதைத் தோண்ட வேண்டாம். தண்ணீர் நிரம்பவே நெடுநேரம் எடுக்கும், புரொசெசருக்கும் சுமை. கடலின் நீர்மூலம் வரைபட எல்லையைத் தொட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். தொடாவிட்டால் குடா மெல்ல வற்றும்.

கேமின் ஒரு கட்டம் 8 மீற்றர். 2009இல் திறந்த 396 மீற்றர் கிண்ணியாப் பாலம் ஏறக்குறைய 50 கட்டம். இடது பக்க ஓட்டத்தைப் புதிய நகரம் தொடங்கும்போதே தெரிவு செய்துவிடுங்கள், பிறகு மாற்ற இடமில்லை.

வாங்கலாமா? 2025 நவம்பரில் கொலொசல் ஓர்டரும் பரடொக்ஸும் பிரிவதாக அறிவித்தன. 2026 தொடக்கத்திலிருந்து கேமின் பொறுப்பு ஐஸ்ஃப்ளேக் ஸ்டூடியோஸுக்கு. ஒரே நாளில் வருவதாகச் சொன்ன பிளேஸ்டேஷன் பதிப்பும் தள்ளித் தள்ளியே போனது, அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம். 16 ஜிபி ரேமும் ஆறு வருடத்துக்கு உட்பட்ட புரொசெசரும் இல்லாதவர் முதல் பாகத்திலேயே இருக்கட்டும். சன்செட் ஹார்பர் இணைப்போடு அதில் மீன்பிடித் தொழிலே உண்டு. மற்றவர்கள் விலைக்கழிவு வரும்போது மட்டும் வாங்குங்கள்.

வாங்கினால் ஸ்டீமின் விதியைப் பயன்படுத்துங்கள்: 14 நாளுக்குள், இரண்டு மணிநேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால் பணம் திரும்பும். ஆனால் வழக்கம்போலத் தொடங்கினால் அந்த இரண்டு மணிநேரமும் சிறிய கிராமத்திலேயே கழியும், கிராமம் எந்தக் கணினியிலும் ஓடும். ஆகவே முதலில் அன்லிமிட்டெட் மணி, அன்லொக் ஓல் இரண்டையும் போட்டு, ஒன்றரை மணிநேரத்துக்குள் எவ்வளவு பெரிதாக முடியுமோ அவ்வளவு பெரிதாகக் குடியிருப்பைப் பரப்புங்கள். பிறகு மூன்று மடங்கு வேகத்தில் ஓட விட்டு பஸ்களைப் பாருங்கள். டவுன்லோட் பெரியது என்பதால் இரவு டேட்டாவில் இறக்குவது நல்லது. ஸ்டீம் செட்டிங்ஸின் டவுன்லோட்ஸ் பகுதியில் அப்டேட்டுக்கும் நேரம் குறித்து வைக்கலாம்.