கோ மொழியின் எரர் ராப்பிங்: வருஷக்கணக்கில் ஓட்டியபின்

சென்னை தம்புச் செட்டித் தெரு கிளியரிங் ஏஜென்டுகளுக்கு (துறைமுகச் சரக்கைக் கஸ்டம்ஸில் விடுவித்துத் தருபவர்கள்) கன்டெய்னர் பதிவு, பில்லிங் சாப்ட்வேர் எழுதித் தருவதுதான் எங்கள் பிழைப்பு. சர்வர் பக்கம் முழுக்கக் கோ (Go) என்ற புரோகிராமிங் மொழி. ஒரு எரரை இன்னொன்றுக்குள் பொதிந்து மேலே அனுப்பும் ராப்பிங் வசதி, 2019-ல் வெளியான 1.13 பதிப்பில் சேர்ந்தது. வந்த புதிதிலிருந்தே அதை நம்பித்தான் ஓட்டுகிறோம்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். பில் பிடிஎஃபை எழுதும்போது டிஸ்கில் இடமில்லாமல் லினக்ஸ் 28 என்ற எரர் எண்ணைத் திருப்பினால், நாலு அடுக்கு தாண்டியும் அந்த 28 உள்ளே அப்படியே இருக்கிறது. எரர் வாசகத்தில் வார்த்தை தேடிக் கண்டுபிடித்த காலம் போயிற்று. (அந்த 28-ஐயும் முழுசாக நம்ப வேண்டாம். ஃபைலுக்கு ஒன்றாக டிஸ்க் ஒதுக்கும் ஐநோடு தீர்ந்தாலும் அதே எண்தான் வரும். குட்டிக் குட்டி ஃபைலாகக் குவிப்பவர்கள் டிஎஃப் கமாண்டில் ‘ஐ’ போட்டும் பாருங்கள்.)

சிக்கலும் அங்கேதான். உள்ளே இருப்பதை மேலே காட்டிவிட்டால், மேல் அடுக்கு அதையே பிடித்துத் தொங்க ஆரம்பிக்கும். பழைய கோடில் ஸ்கிரீன் அடுக்கே மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸின் ‘இரட்டைப் பதிவு’ எரர் எண்ணான 1062-ஐ ஒப்பிட்டு, ‘இந்தக் கன்டெய்னர் ஏற்கெனவே பதிவாகியிருக்கிறது’ என்று காட்டிக்கொண்டிருந்தது. போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸுக்கு மாறினோம், அங்கே அதே கோளாறுக்கு 23505. 1062 ஒப்பீடு பொருந்தாமல் போனது. கம்பைலர் வாயே திறக்கவில்லை. “அண்ணா, திரும்பவும் சர்வர் எரர்னு வருதுண்ணா, டிரெய்லர் எண்ணூர் ரோட்ல நிக்குது” என்று போன் மேல் போன். ஒரே கன்டெய்னர் நம்பரை இரண்டு தரம் அடித்ததற்கு, ‘சர்வர் கோளாறு’ என்னும் ஹெச்டிடிபி எண் 500 காட்டினால் ஏஜென்ட் ஆபீஸ் பையன் என்ன செய்வான்? மறுபடி மறுபடி அமுக்கத்தான் செய்வான்.

இப்போது டேட்டாபேஸ் எண் எதுவும் டேட்டா அடுக்கைத் தாண்டாது. 23505 அங்கேயே எங்கள் சொந்த ‘ஏற்கெனவே உண்டு’ எரராக மாறி, வெளியே 409 (‘முரண்பாடு’) ஆகப் போகும். ஒரே நேரத்தில் ஓடும் டிரான்ஸாக்ஷன்கள் மோதியதைச் சொல்லும் 40001 வந்தால் டிரான்ஸாக்ஷனை அங்கேயே மறுபடி ஓட்டிப் பார்ப்போம். அதை முதலிலேயே மேலே சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை. டேட்டாபேஸே கிடைக்காவிட்டால் 503 (‘சேவை இப்போது இல்லை’). மிச்சமெல்லாம் 500, கூடவே ஒரு குறிப்பு எண். அதைப் போனில் படித்தால் லாகில் மூல எரர் கிடைத்துவிடும். எரர் வாசகம் எழுதும்போது போடும் குறிகளில், பொதியும் ‘டபிள்யூ’ குறி (%w) அடுக்குக்குள் மட்டும். எல்லையில், வாசகத்தை மட்டும் எடுத்துச்செல்லும் ‘வி’ குறி (%v).

குறை என்றால், எரர் எந்த வரியில், எந்த வழியாக வந்தது என்று காட்டும் ஸ்டாக் ட்ரேஸ் கிடையாது. இரண்டு இடத்தில் ‘சேமிக்க முடியவில்லை’ என்றே எழுதியிருந்தால் எது என்று தலையைச் சொறிய வேண்டியதுதான். அடுக்குக்கு அடுக்கு லாகும் எழுதி எரரையும் திருப்பினால் ஒரே கோளாறு நாலு தரம் அச்சாகும்; இதை ரிவ்யூவில்தான் பிடிக்க வேண்டும். பத்து வரி ஸ்கிரிப்டுக்கு இந்தக் கூத்தெல்லாம் தேவையே இல்லை. டேட்டாபேஸ் மாற்றும் யோசனை இருந்தால் மட்டும், அதற்கு முன்னால் ஸ்கிரீன் பக்கக் கோடில் 1062 என்று ஒரு தேடல் போட்டுவிடுங்கள்.