ரிசர்விஸ்ட் அழைப்பைத் தவறவிட்டவருக்கு ஒரு சட்ட ஆலோசனைச் சேவை: மதிப்புரை

சிங்கப்பூரில் தேசியச் சேவையாளர்களுக்கு (கட்டாயப் படைச்சேவையை முடித்தபின்னும் அவ்வப்போது பயிற்சிக்கு அழைக்கப்படும் ரிசர்விஸ்ட்களுக்கு) சட்ட ஆலோசனை வழங்கும் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தின் சேவையை என் தம்பிக்காகப் பயன்படுத்தினேன். முகாம் பயிற்சிக்கான அழைப்பு வந்தும் அவன் செல்லவில்லை. வீண் ஆறுதல் கூறாமல், 1970ஆம் ஆண்டின் படைச்சேர்ப்புச் சட்டப்படி அழைப்பாணைக்கு இணங்காதவருக்கு 10,000 சிங்கப்பூர் வெள்ளி (டாலர்) வரை அபராதமோ 3 ஆண்டுகள் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கப்படலாம் என்றும், பணியில் இருக்கும்போது அனுமதியின்றி விலகிச் செல்வது ஆயுதப் படைச் சட்டத்தின்கீழ் வரும் வேறொரு குற்றம் என்றும் வழக்கறிஞர் முதலிலேயே தெளிவாகப் பிரித்துக் காட்டியது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

வேலைப்பளுவைக் காரணம் காட்டலாமா என்று கேட்டோம். முதலாளி விடுப்பு அளித்தே ஆக வேண்டும் என்பதால் அந்த வாதம் எளிதில் எடுபடாது என்றும், நியாயமான காரணம் இருந்தால் பயிற்சி தொடங்குமுன்பே ஒத்திவைப்புக்கு விண்ணப்பித்திருக்க வேண்டும் என்றும், இப்போது செய்யக்கூடியது தாமதமின்றிப் படைப்பிரிவைத் தொடர்புகொண்டு ஆவணங்களுடன் விளக்கமளிப்பதே என்றும் அவர் கூறினார். (இதற்குக்கூட வழக்கறிஞர் வேண்டுமா என்று தம்பி முணுமுணுத்தது வேறு கதை.)

கட்டணம் அதிகம்தான், எழுத்துவழி அறிக்கையும் தாமதமாகவே வந்தது. ஆயினும், வெளிநாட்டில் நெடுங்காலம் தங்கச் சேவையாளர் பெற வேண்டிய வெளியேறும் அனுமதியைப் பற்றிக் கேட்காமலேயே எச்சரித்ததற்காக, ஐந்துக்கு நான்கு நட்சத்திரங்கள் தருகிறேன்.